லாபக் கணக்கும் மூளைக் கணக்கும்

வியாபாரத்துக்கு முதல் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் துணிவு. நாளை விலை என்ன ஆகும் என்று தெரியாமலேதான் இன்று நாம் கொள்முதல் செய்கிறோம். திருப்பித் தருவாரா என்று உறுதியாகத் தெரியாதவருக்கும் கடனுக்குச் சரக்கு கொடுக்கிறோம். துணியாதவன் கடை வளராது என்பது நாம் அறிந்ததே. ஆனால் துணிவு வேறு, அவசரபுத்தி வேறு. "பருப்பு நாளைக்கே ஏறப்போகிறது, இப்போதே சொல்லுங்கள்" என்று ஒரு போன் வந்ததும், கையிருப்பையும் கணக்கில் எடுக்காமல், கிடங்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்காமல் நூறு மூட்டைக்குத் தலையாட்டி விடுவது துணிவில் சேராது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் மூளைக்குள் எப்படி நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பல, கல்லாவில் உட்காரும் நமக்கு நேரடியாகப் பயன்படக் கூடியவை.

நான்கு சீட்டுக்கட்டுகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆன்டோயின் பெச்சாரா, அந்தோனியோ டமாசியோ ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விளையாடுபவரிடம் 2,000 டாலர் விளையாட்டுப் பணம் தரப்படும். எதிரே நான்கு சீட்டுக்கட்டுகள். எதிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம். மொத்தம் 100 முறை.

முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு. மற்ற இரண்டு கட்டுகளில் 50 டாலர்தான் வரவு. ஆனால் இடையிடையே அபராதச் சீட்டும் வரும். பெரிய வரவு தரும் கட்டில் பத்துச் சீட்டு எடுத்தால் வரவு 1,000, அபராதம் 1,250. ஆக 250 டாலர் நட்டம். சிறிய வரவு தரும் கட்டில் பத்துச் சீட்டுக்கு வரவு 500, அபராதம் 250. ஆக 250 டாலர் லாபம். இந்தக் கணக்கு விளையாடுபவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படாது.

சாதாரணமாக உள்ளவர்கள் தொடக்கத்தில் 100 டாலர் கட்டை நாடினாலும், போகப் போகச் சிறிய வரவுக் கட்டுக்கு மாறிக்கொள்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்குச் சற்று மேலே உள்ள மூளைப்பகுதி பாதிக்கப்பட்டவர்களோ, நட்டம் வந்த பிறகும் பெரிய வரவுக் கட்டையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவர்களுக்குப் புத்திக்கூர்மையில் குறைவில்லை. கூட்டல் கழித்தலும் நன்றாகவே வரும். கையில் உடனே வரும் நூறு ரூபாய்க்கும், பிறகு போகப்போகும் ஆயிரத்துக்கும் முடிச்சுப் போடும் உணர்வுதான் அவர்களிடம் இல்லை.

அறிவு மட்டும் போதாது

இதே ஆராய்ச்சியாளர் வட்டத்தில் 1985-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது. கணக்கு வேலையில் திறமைசாலியான ஒருவருக்கு மூளையின் அந்த முன்பகுதியில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. குணமான பின் அறிவுச் சோதனைகளில் சராசரிக்கு மேலாகவே மதிப்பெண் பெற்றார். ஆனால், நம்பத் தகாதவர் என்று மற்றவர்கள் எச்சரித்தும் கேளாமல் ஒருவரோடு கூட்டு வியாபாரத்தில் இறங்கினார். சேமிப்பு முழுவதும் போய்த் திவாலானார். வேலையிலும் நிலைக்கவில்லை, குடும்பமும் பிரிந்தது.

கணக்குத் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்று நாம் எண்ணுவது முழு உண்மை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உள்ளங்கை வியர்வை சொல்வது

சீட்டுச் சோதனையின்போது கையில் ஊறும் நுண்ணிய வியர்வையையும் கருவி வைத்து அளந்தார்கள். 1997-இல் வெளியான முடிவு வியப்பானது. சாதாரண மனிதர்களுக்கு, எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அந்தக் கட்டை நோக்கிக் கை போகும்போது வியர்வை கூடியது. மூளை பாதித்தவர்களுக்கு அந்த முன்னெச்சரிக்கை வரவேயில்லை.

"இந்தப் பார்ட்டிக்குக் கடன் கொடுக்க ஏனோ மனசு ஒப்பவில்லை" என்று அனுபவசாலிகள் சொல்வார்களே, அது வெறும் சகுனம் பார்ப்பதல்ல. பல ஆண்டு வரவு செலவு உடம்பில் பதிந்து நின்று பேசுவதாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த உணர்வைக் கேட்டுக்கொண்டு பேரேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே முறை.

ஆசையும் பயமும்

1990-களில் வந்த புதிய ஸ்கேன் முறையால், மூளையில் எந்தப் பகுதிக்கு எப்போது ரத்த ஓட்டம் கூடுகிறது என்று பார்க்க முடிந்தது. கமேலியா குனென், பிரையன் நட்சன் என்ற இருவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கு வாங்குவதா, ஆபத்தில்லாத பத்திரம் வாங்குவதா என்று முடிவெடுக்கச் சொல்லி மூளையைப் படம் பிடித்தார்கள். ஆபத்தான பக்கம் சாய்வதற்கு முன் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதி கிளர்ந்தது. இது பரிசை எதிர்பார்க்கும்போது தூண்டப்படும் இடம். பாதுகாப்பான பக்கம் சாய்வதற்கு முன் இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. இது அருவருப்பு, வலி, அச்சம் போன்றவற்றோடு தொடர்புடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் பகுதி அளவு மீறினால் வேண்டாத துணிச்சலால் தவறு வருகிறது. இரண்டாவது மீறினால் வேண்டாத பயத்தால் தவறு வருகிறது. 2005-லேயே வந்த இன்னொரு ஆய்வில், ஒரு டாலர் போட்டுப் பூவா தலையா பார்த்து, ஜெயித்தால் இரண்டரை டாலர், தோற்றால் போட்டது போச்சு என்று 20 சுற்று விளையாடச் சொன்னார்கள். கணக்குப்படி ஒவ்வொரு சுற்றிலும் பணம் போடுவதே லாபம். ஆனால் ஒரு முறை தோற்றதும் சாதாரண மனிதர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அவர்கள் சராசரியாக 22.80 டாலரோடு முடித்தார்கள். பயத்தை உணரும் மூளைப்பகுதிகள் பாதித்தவர்கள் 25.70 டாலரோடு முடித்தார்கள். ஒரு சரக்கில் அடி வாங்கியதும் அந்தச் சரக்கையே கைவிடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

தூக்கம் கெட்டால்

2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையைப் படம் பிடித்தது. ஆபத்தான பந்தயத்தின்போது ஆசைப் பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. நட்டம் வந்தபோது இன்சுலா மந்தமாகவே இருந்தது. அதாவது லாபம் பெரிதாகத் தெரிகிறது, நட்டம் உறைப்பதில்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் இரவு பகலாகக் கடை நடத்தும் நாம், பெரிய கொள்முதல்களை அதே நாட்களில்தான் பேசி முடிக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செல்போனில் வந்த சீட்டுக்கட்டு

இன்று கடையில் உட்கார்ந்தபடியே செல்போனில் முன்பேர வணிகம் செய்ய முடிகிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமே அடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நட்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் விடாமல் தொடர்ந்தார்கள். இவர்கள் மூளையில் குறையில்லாதவர்களே. ஆனால் உடனே வரும் லாபத்தின் இழுப்பு அப்படிப்பட்டது. கடை முதல் அதில் கரைந்தால், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் பிள்ளைகள் படிப்பும் சேர்ந்தே கரைகின்றன.

நாம் செய்யக் கூடியது

ஒரு விளையாட்டை வைத்து ஒருவரை அவசரபுத்திக்காரர் என்று முத்திரை குத்திவிட முடியாது. இத்தகைய சோதனைகளின் முடிவும், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதும் பல நேரம் ஒத்துப் போவதில்லை. ஆகவே "நான் நிதானக்காரன்" என்ற நம்பிக்கையை மட்டும் நம்பாமல், சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு அன்றே பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி தாண்டட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் வரம்பை முன்பே எழுதி வைப்போம். ஆள் எதிரே நிற்கும்போது வரம்பை நிர்ணயிக்கக் கூடாது. மூட்டைக்கு என்ன லாபம் என்று பார்ப்பதோடு, கழிவு, தேக்கம், வராக்கடன் எல்லாம் போக வருடத்துக்கு அந்தச் சரக்கில் என்ன நின்றது என்றும் பார்ப்போம். எந்தக் கட்டு 100 டாலர் கட்டு, எந்தக் கட்டு 50 டாலர் கட்டு என்பது அப்போதுதான் தெரியும். பெரிய முடிவுகளை மனைவியிடமோ, தம்பியிடமோ, கணக்குப் பிள்ளையிடமோ ஒருமுறை சொல்லிப் பார்ப்போம்.

பதறிய காரியம் சிதறும் என்று நம் பெரியவர்கள் ஸ்கேன் இல்லாமலே சொல்லி வைத்தார்கள். பதறாமல் இருப்பதற்கு நேரம் வேண்டும். அந்த ஒரு ராத்திரி நேரத்தை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வோம்.