நியூட்ரல் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

பாரிஸின் லா ஷப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு புறநகரான லா கூர்னெவ் திரும்பும் தமிழர்கள் பலர் கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறுகிறார்கள். அந்த நிலையத்தில் ரயிலுக்கு வரும் மின்சாரமே மாறிவிடுகிறது. தெற்கே 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். வடக்கே 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். வடக்கே அதை ரயிலிலுள்ள ரெக்டிஃபையர் மறுபடி நேர்திசையாக்குகிறது. மின்சாரத்தின் அலை கெடுவது அங்கேதான்.

ரெக்டிஃபையர் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை, கடித்துக் கடித்து எடுக்கிறது. கடிபட்ட அலை 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று மடங்குகளும் கலந்த கூட்டு. திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் இப்படிப் பிரிக்க வழிசெய்தது ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டு நூல். இந்த மடங்குகளே ஹார்மோனிக்ஸ். எல்.இ.டி. விளக்கு, கணினி, வேகம் மாற்றும் மோட்டார் டிரைவ் எல்லாமே இவற்றை உண்டாக்குகின்றன. பழைய ஹெலிகாப்டர் ஆலை இருந்த இடத்தில் தரவு மையம் எழுந்திருக்கும் லா கூர்னெவில் இது சின்ன விஷயமல்ல.

எனக்குக் கவலை தருவது 150 ஹெர்ட்ஸ்தான். கட்டடங்களுக்கு வரும் மூன்று பேஸ் இணைப்பில் பேஸ்களுக்கு நடுவே 120 பாகை இடைவெளி; அதனால் சமமான சுமையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டங்கள் அவற்றின் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாம் மடங்கில் அந்த இடைவெளி 360 பாகையாகிறது. அழிய வேண்டியவை ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. பேஸ் கம்பியில் ஓடுவதைப் போல 1.7 மடங்குவரை மின்னோட்டம் நியூட்ரலில் ஓடலாம். பழைய கட்டடங்களில் அந்தக் கம்பி மெல்லியதாகவும் இருக்கலாம்.

இந்த மடங்குகளை நீக்க ஃபில்டர்கள் உண்டு. சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த பழைய ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட மடங்கைத்தான் பிடிக்கும். ஆக்டிவ் ஃபில்டர் அப்படியல்ல. சுமையின் மின்னோட்டத்தை அளந்து, 50 ஹெர்ட்ஸைக் கழித்து, மிச்சமுள்ள கறையைத் தலைகீழாக்கிக் கம்பியில் செலுத்துகிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் வேலை இது. 1983இல் ஜப்பானின் அகாகி, கனசாவா, நபாயே தந்த உடனடி மின்திறன் கோட்பாடு இந்தக் கணக்கை எளிதாக்கியது. ஆனால் ஃபில்டர் சுத்தம் செய்வது தனக்கு மேலே, மின்வழங்கல் பக்கத்தை மட்டுமே. தனக்கும் சுமைக்கும் இடையிலுள்ள கம்பியில் கறை அப்படியே ஓடும். ஆகவே சுமைக்குப் பக்கத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோர் ஹார்மோனிக்ஸ் வரம்பை மீறினால் 15 சதவீதம் கூடுதல் கட்டணம் என்று விதி வந்தது. சின்னக் கடைக்கு அப்படி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று பேஸ் இணைப்பு வைத்திருக்கும் கடைக்காரர்களே, அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது நியூட்ரலையும் அளக்கச் சொல்லுங்கள். கெட்ட அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டலாம்.