கிளட்ச் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும்



நம் இதழில் கவிதை, கோயில் வரலாறு, பயணக் கட்டுரை என்று பலரும் சுவையாக எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பும் எண்ணெயும்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, 1981இல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் சேர்ந்து, பிறகு பெங்களூருக்கு மாற்றலாகி, கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, 2018இல் ஓய்வு பெற்றவன் நான். மல்லேஸ்வரத்தில் குடியேறி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆகவே இன்று எழுத வந்ததும் ஓர் இயந்திர விஷயம்தான். கியர் வண்டி ஓட்டுவது எப்படி, அதை ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது.

"தெருவுக்குத் தெரு டிரைவிங் ஸ்கூல் இருக்கும்போது இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஓர் இரவு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த இரவு

எனக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்து மூன்றாவது நாள். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உதவிக்கு எலஹங்காவிலிருந்து என் மகள் வந்திருந்தாள். இரவு பதினொன்றரை மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மழை வேறு. தெருமுனை வரை போய்ப் பார்த்தும் ஓர் ஆட்டோகூடக் கண்ணில் படவில்லை.

வாசலில் எங்கள் சிறிய கார் நிற்கிறது. மகளுக்கு லைசென்ஸ் உண்டு. பத்து வருடமாகத் தினமும் ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போகிறவள். ஆனால் அவளுடையது ஆட்டோமேட்டிக் வண்டி. லைசென்ஸ் டெஸ்டோடு கிளட்சை மறந்தாயிற்று. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். நான் பழைய வழக்கப்படி வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தேன். வண்டி தவளைபோல் துள்ளி கேட்டில் முட்டி நின்றது.

"அப்பா, கை நடுங்குதுப்பா. என்னால முடியாது."

"முடியும்மா. இடது காலை முழுசா அழுத்து. நான் சொல்றப்ப மெதுவா எடு."

எங்கள் தெரு மார்கோசா ரோட்டில் ஏறும் இடத்தில் இரண்டு முறை வண்டி ஆஃப் ஆயிற்று. மூன்று கிலோமீட்டர் தூரத்தையும் முதல் இரண்டு கியர்களிலேயே ஓட்டி முடித்தாள். பின் சீட்டில் அவள் அம்மா சாய்ந்து உட்கார முடியாமல் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்காமல் விட்டார். ஆறாம் நாள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தோம்.

அன்றிரவு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று என்னை உறுத்தியது. முப்பத்தேழு வருடம் இன்ஜினோடு பழகியவன், எத்தனையோ இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவன், பெற்ற மகளுக்குக் கிளட்ச் என்றால் என்ன என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே! மனைவி தேறியதும் அந்தப் பாடத்தை ஆரம்பித்தேன். எந்தக் காலை எங்கே வைப்பது என்று தொடங்காமல், கியர் எதற்கு என்பதிலிருந்து தொடங்கினேன்.

கியர் எதற்கு?

நம் பெரியவர்கள் பயணம் செய்த நீராவி ரயில் இன்ஜினில் கிளட்சும் கிடையாது, கியர் பெட்டியும் கிடையாது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே நீராவியின் அழுத்தம் பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளும். எனவே இன்ஜின் நேராகச் சக்கரத்தைத் திருப்பிவிடலாம்.

நான் பழகிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவில் 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். அதிலும் கிளட்ச் இல்லை. டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள ஆறு மோட்டார்களுக்குப் போகும். மின் மோட்டாருக்கும் நீராவியின் குணம்தான். நின்ற இடத்திலிருந்தே பலமாக இழுக்கும்.

காரில் உள்ள பெட்ரோல் இன்ஜின் அப்படியல்ல. சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுக்கு வெகுவாகக் கீழே போனால் அணைந்துவிடும். ஆனால் ஒரு சிறிய கார் மனிதர் நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில் போகும்போது, அதன் சக்கரம் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் சுற்றுகிறது. 800 எங்கே, 50 எங்கே? இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் தரகர்தான் கியர்.

முதல் கியரில் இன்ஜின் ஏறக்குறைய 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். கடைசி கியரில் இன்ஜின் மூன்று நான்கு முறை சுற்றினாலே சக்கரத்துக்கு ஒரு சுற்று. கடப்பாரையால் கல்லை நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் பெரிய கல்லும் அசையும், ஆனால் கொஞ்சமாகத்தான் நகரும். அதுதான் முதல் கியர். பலம் அதிகம், வேகம் குறைவு. கடைசி கியர் அதற்கு நேர் எதிர்.

இது புரிந்தால் எந்த வேகத்தில் எந்த கியர் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். வண்டி குலுங்கித் திணறினால் இன்ஜினின் சுற்று போதவில்லை, ஒரு கியர் இறங்க வேண்டும். இன்ஜின் கத்தினால் ஒரு கியர் ஏற வேண்டும். 1986இல் பொன்மலை மைதானத்தில் எனக்கு அம்பாசடர் ஓட்டக் கற்றுக் கொடுத்த பெரியவர், ஸ்பீடோமீட்டர் மேல் தன் துண்டைப் போட்டு மூடிவிடுவார். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும் தம்பி. கியரைக் காதால போடு" என்பார். அந்தக் கால அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். கம்பி இடம் மாறினாலும் அவர் சொன்ன பாடம் மாறவில்லை.

கிளட்ச் என்னும் கை குலுக்கல்

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்துக்குச் சுற்றே இல்லை. இன்ஜினோ 800 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் கியர்கூட இந்த இடைவெளியை அடைக்காது. அதற்குத்தான் கிளட்ச்.

இன்ஜினோடு சுற்றும் கனமான ஃபிளைவீல் ஒரு பக்கம். கியர் பெட்டியோடு சேர்ந்த கிளட்ச் பிளேட் மறுபக்கம். ஸ்பிரிங் விசை இரண்டையும் இறுக்கி ஒட்ட வைத்திருக்கும். பெடலை அழுத்தினால் பிடி விட்டுப்போகும். மெதுவாக விடும்போது பிளேட் முதலில் வழுக்கும், பிறகு உரசும், பிறகு பிடிக்கும். உரசத் தொடங்கும் அந்த இடத்தில் இன்ஜின் சத்தம் சற்றுத் தணியும், வண்டியின் மூக்கு லேசாக எழும். அங்கே ஒரு நொடி காலை நிறுத்தத் தெரிந்துவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வலது காலை பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்த வேண்டும். பெட்ரோல் மிதித்துத்தான் வண்டி கிளம்பும் என்று நினைத்திருந்த மகள், அது தானாக ஊர்ந்து போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பதினெட்டாவது கிராஸ் மைதானத்தை ஒட்டிய சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இதையே ஐம்பது தடவை செய்தோம். மூன்றாவது ஞாயிறு அவள் இடது காலுக்குப் புத்தி வந்துவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். சாவி திருப்புமுன் கிளட்சை முழுவதும் அழுத்தி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கேட்டில் உள்ள பள்ளம் இதற்குச் சாட்சி. அடுத்து, சம்பிகே ரோடு நெரிசலில் பாதி கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்து நிற்காதீர்கள். பிளேட் தேய்ந்துபோகும். தீய்ந்த வாடை வந்தால் அது உங்கள் பணம் எரிகிற வாடை.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் கிளம்பும்போது வண்டி பின்னால் உருளுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு ஹேண்ட் பிரேக் போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். முதல் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டியின் மூக்கு எழும் வரை கிளட்சை விடுங்கள். அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி முன்னேதான் போகும். இதைத் தெரிந்திருந்தால் அன்றிரவு மார்கோசா ரோட்டில் நான் முருகனைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

ஏற்றத்தைவிட ஆபத்தானது இறக்கம். மலையிலிருந்து வரும்போது பிரேக்கையே தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். இறங்கும்போதும் இரண்டாம் கியரில் இருந்தால், சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருப்பதால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் லோகோக்களில் 'டைனமிக் பிரேக்' என்று ஒன்று உண்டு. இறக்கத்தில் மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைக் குறைப்பார்கள். தத்துவம் ஒன்றுதான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் வேதவாக்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களும் இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இனி இது தேவையா?

நியாயமான கேள்வி. 2014இல் மாருதி செலெரியோ வந்ததிலிருந்து, கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் குறைந்த விலைக் கார்கள் பெருகிவிட்டன. மின்சாரக் காருக்குக் கிளட்ச் பெடலே வேண்டாம், லோகோ மோட்டார் போல நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். 2001இல் நம் பெங்களூரிலேயே 'ரேவா' என்ற குட்டி மின்சாரக் கார் வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு நாள் கிளட்ச் என்ற சொல்லே மறைந்து போகலாம். நீராவி இன்ஜின் போனபோது அழுதவர்களும் உண்டு, ரயில் நிற்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இன்று நம் வாசல்களில் நிற்கும் கார்களில் பல இன்னும் கியர் வண்டிகள்தான். நம் சட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்குத்தான் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று தனித்தனி லைசென்ஸ். காருக்கு அந்தப் பாகுபாடு இல்லை. கையில் லைசென்ஸ் இருக்கிறது, வாசலில் வண்டி இருக்கிறது, ஓட்டத்தான் தெரியாது என்ற நிலை பல வீடுகளில் உண்டு. அவசரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உங்கள் வீட்டு வண்டியை உங்களைத் தவிர இன்னொருவருக்கு ஓட்டத் தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நாலு ஞாயிற்றுக்கிழமை காலைகளை ஒதுக்குங்கள். மனைவியோ, மகளோ, மருமகளோ, மேல்வீட்டுப் பிள்ளையோ யாராக இருந்தாலும் சரி. திட்டாமல் சொல்லிக் கொடுங்கள், அது முக்கியம்.

சென்ற கோடையில் நாங்கள் ஏற்காடு போய் வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மகள்தான் ஓட்டினாள். இறங்கும்போது நான் வாய் திறக்குமுன்பே இரண்டாம் கியருக்கு மாறினாள். இன்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டு வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் அம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.