எத்தனை டன் இருக்கும்?

வாலாஜாபாத் பக்கம் ஒரு காலத்தில் பெரிய இரும்பு என்று காட்ட அதிகம் கிடையாது. செங்கல்பட்டு–அரக்கோணம் தண்டவாளம், கோயில் தேரின் அச்சு, நெல் மில்லின் பாய்லர். மற்றபடி ஏர்க்கொழுவும் வண்டிப் பட்டையும்தான். பட்டை கழன்றால் கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சி மரச்சக்கரத்தில் ஏற்றுவார்கள்; தண்ணீர் ஊற்றும்போது எழும் புகையைப் பார்க்கவே சிறுவர்கள் கூடுவார்கள். அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறிச் சத்தம். நெல்லும் நூலும் ஊர் விளைவித்தவை; இரும்பு காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், 2012இல் டைம்லர் லாரி. இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஆள் உயரத் தகட்டுச் சுருள்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு டிரெய்லர்கள் ஓடுகின்றன. வாலாஜாபாத் ஸ்டேஷனில் புதுக் கார்கள் சரக்கு ரயிலேறி ஊரைவிட்டுப் போகின்றன. தறியில் உட்கார்ந்தவரின் பேரன் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். இரும்பைக் கண்டு வாய் பிளக்கிற ஆளை இனி இங்கே தேட வேண்டும்.

ஆனால் எஃகைச் சிற்பமாக நிறுத்திப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. நாற்சந்தி என்றால் தலைவர் சிலை. கை நீட்டியிருப்பார், அல்லது புத்தகம் வைத்திருப்பார். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் எஸ். நந்தகோபால் போன்றவர்கள் உலோகத்தை வெட்டிப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார்கள். தொழிற்சாலைச் சாலைவரை அது வந்து சேரவில்லை.

உருவமில்லாதது நம் ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்வார்களே, அதை நான் ஒப்புவதில்லை. நட்ட கல்லையும் சூலத்தையும் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரத்தையும் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைப் பாருங்கள். 2003இல் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ஏழு கல்தூண்கள், தர்மம், உண்மை, நீதி, தியாகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். தூணில் முகமில்லை என்று யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. 1991 மே 21 இரவு அங்கே நடந்தது ஊருக்கே தெரியும். தூண்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கதையே இல்லாமல் வெறும் எஃகு வந்து நின்றால் என்ன சொல்வார்கள் என்பதுதான் கேள்வி.

வாலாஜாபாத் டீக்கடையொன்றில், ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’ சிற்பத்தின் படத்தை ஃபோனில் காட்டினேன். 1981இல் நியூயார்க்கின் அரசு அலுவலக வளாகத்தில் வைத்தது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலத் தகடு. சற்றே சாய்ந்த, வளைந்த சுவர். “இது என்ன?” என்று அவர் கேட்கவில்லை. கால்குலேட்டரைத் திறந்தார். நீளம், உயரம், கனம், கடைசியில் எஃகின் அடர்த்தியான 7.85ஆல் பெருக்கல்.

“அறுபத்தேழு டன் வருது சார். எப்படி சாயாம நிக்க வெச்சான்? அடியில ஃபவுண்டேஷன் நல்லா போட்டிருக்கணும்.” நிறத்தைப் பார்த்துவிட்டு, “கன்டெய்னருக்குப் போடற தகடுதானே? மேல துரு ஏறும், உள்ள போகாது.”

கலை விமர்சகர்கள் பலர் இந்த இடத்தில் தொடங்குவதில்லை. செர்ராவே எஃகு ஆலைகளில் வேலை செய்து படித்தவர்; அப்பா கப்பல் கட்டும் தளத்தில் பைப் ஃபிட்டர். இந்தக் கேள்விகள் அவருக்குப் பிடித்திருக்கும்.

அந்தச் சிற்பத்தின் முடிவையும் சொன்னேன். முற்றத்தைக் கடக்க முடியவில்லை, துருப்பிடித்த தகரம் என்று ஊழியர்கள் கொதித்தார்கள். 1985இல் மூன்று நாள் பொது விசாரணை. வைத்திருக்கலாம் என்றவர்கள் 122 பேர், எடுக்கச் சொன்னவர்கள் 58 பேர். இருந்தும் 1989 மார்ச் மாதத்து இரவொன்றில் வெட்டி எடுத்துப் போனார்கள்.

“நடக்கற வழியில வெச்சா திட்டத்தான் சார் செய்வான்” என்றார்.

அது நியாயமான பேச்சு. அடுத்து சிகாகோவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’: 2006இல் முடிந்தது, 168 எவர்சில்வர் தகடுகள், மெருகேற்றி இணைப்பே தெரியாமல் செய்தது. அதில் முகம் தெரிவதால் ஜனங்கள் ஃபோனும் கையுமாக மொய்க்கிறார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் தேடினார். “வெல்டே தெரியலியே! கிரைண்டிங் பண்ணவன் பேரு எங்கியாவது போட்டிருக்கானா?”

செர்ரா மாதிரி ஒன்றை ஒரகடம் மேம்பாலம் பக்கம் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நூத்தி இருபது அடி சுவரு சார். எலெக்‌ஷன் வந்தா எந்தக் கட்சிக்காரன் சும்மா விடுவான்?”