ஓட்டை காரில் ஒரு ரேஸ்!

குட்டீஸ், கார் ரேஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தரையை ஒட்டிப் பறக்கும் பளபள கார், கோடிக்கணக்கில் விலை... இல்லையா? ஆனால், காயலான் கடைக்குப் போக வேண்டிய கார்களுக்கென்றே ஒரு ரேஸ் நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவில்தான்!

எலுமிச்சை ரேஸ்

பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1923 முதல் 24 மணி நேர கார் ரேஸ் நடந்து வருகிறது. உலகப் புகழ் பெற்ற ரேஸ் அது. அதைக் கிண்டல் செய்து, ஜே லாம் என்பவர் 2006ல் கலிபோர்னியாவில் ஒரு ரேஸைத் தொடங்கினார். அதன் பெயர், '24 ஹவர்ஸ் ஆப் லெமன்ஸ்'. வாங்கிய நாள் முதல் தொல்லை கொடுக்கும் காரை அமெரிக்கர்கள் 'லெமன்' என்பார்கள். அதாவது, எலுமிச்சை!

இதன் முக்கிய விதி என்ன தெரியுமா? காரை வாங்கி, ஓட வைக்க 500 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அதிகம் செலவழித்ததாக நடுவர்கள் சந்தேகப்பட்டால் போச்சு! ரேஸ் தொடங்கும் முன்பே சில சுற்றுகளைக் கழித்து விடுவார்கள். பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும், பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு பகல்களில் சுமார் 14 மணி நேரம் ஓடுகிறது.

கார் வாங்கலாம் வாங்க!

நாமும் ஒரு குழுவில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எந்த காரை வாங்குவது? ஃபோர்டு கிரவுன் விக்டோரியா எப்படி? 2011ல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதுவரை அமெரிக்க போலீஸ்காரர்களும் டாக்சிக்காரர்களும் விரும்பி ஓட்டிய பெரிய செடான் இது. ஆறடி உயர மனிதர்கள் மூன்று பேர் வரிசையாகப் படுத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளம்! எடை சுமார் 1,800 கிலோ.

'இந்த யானையை வைத்துக்கொண்டு ரேஸா?' என்று சிரிக்காதீர்கள். இதன் 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜின் நாள் முழுக்க ஓடிப் பழகியது. போலீசுக்காகச் செய்த கார்களில் இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கத் தனிக் கருவியும் உண்டு. வேகம் குறைவுதான், ஆனால் எளிதில் சோர்ந்து போகாது.

முதல் வேலை, கழற்றுவது. பின் சீட், தரை விரிப்பு, ஏசி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடை குறைந்தால் வேகம் கூடும். பஞ்சும் துணியும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், பாதுகாப்பும் கூடும். கழற்றிய பொருட்களை விற்று வரும் பணத்தை 500 டாலர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதானே?

இங்கே கஞ்சத்தனம் கூடாது!

இப்போது ஒரு கேள்வி. 500 டாலருக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றால், மலிவான சீட் பெல்ட் போட்டு ஓட்டலாமா?

கூடவே கூடாது! டிரைவரின் உயிரைக் காக்கும் பொருட்கள் எதுவும் 500 டாலர் கணக்கில் சேராது. காருக்குள் இரும்புக் குழாய்களை வளைத்து, வெல்டிங் செய்து ஒரு கூண்டு அமைக்க வேண்டும். கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் அது தாங்கும். கார் எவ்வளவு கனமோ, கூண்டின் குழாயும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். காரின் விலையை விட, கூண்டின் விலை பல மடங்கு இருக்கும்!

ரேஸ் சீட், தோளையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பெல்ட், தீப்பிடிக்காத உடை, தீயணைக்கும் கருவி ஆகியவையும் கட்டாயம். கழுத்துக்கும் ஒரு கவசம் உண்டு. 2001ல் டேடோனா ரேஸில், கடைசிச் சுற்றில் கார் சுவரில் மோதி, டேல் எர்ன்ஹார்ட் என்ற பெரிய வீரர் இறந்து போனார். தலை திடீரென முன்னால் வீசப்பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அதன் பிறகுதான் பலரும் உணர்ந்தார்கள். அந்த ஆண்டிலேயே அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸ்களில் இந்தக் கவசம் கட்டாயமானது.

பிரேக் செலவும் 500 டாலரில் சேராது. ஏன்? உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடாகிறதா? பிரேக் பிடிக்கும்போதும் காரின் வேகம் இப்படித்தான் வெப்பமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகும். நம் 'யானை'க்குக் கனமும் அதிகம். பிரேக் திரவம் கொதித்துக் குமிழி வந்துவிட்டால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதனால் சீக்கிரம் கொதிக்கும். ரேசுக்கு முன் புதுத் திரவம் ஊற்றுவது இதற்காகத்தான்.

ஒரு கணக்குப் போடுவோமா?

வேகமான கார் ஒரு சுற்றை 2 நிமிடத்தில் முடிக்கிறது. நம் கிழட்டு காருக்கு 2 நிமிடம் 15 விநாடி ஆகிறது. ரேஸ் 14 மணி நேரம், அதாவது 840 நிமிடம். பெட்ரோல் போட நிற்கும் நேரத்தை விட்டுவிடுவோம்.

வேகமான கார் நிற்காமல் ஓடினால் 420 சுற்று. நாம் 373 சுற்று. தோற்றுவிட்டோம்! ஆனால், அந்த கார் இன்ஜின் சூடாகி, இரண்டு மணி நேரம் ரிப்பேருக்கு நின்றுவிட்டால்? அதற்கு 360 சுற்றுதான். 13 சுற்று வித்தியாசத்தில் நாம் முந்திவிட்டோம்!

அதனால்தான் இந்த ரேஸில் கெட்டிக்கார டிரைவர், வளைவு வரும் முன்பே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவார். பிரேக்குக்கு வேலை குறையும். வெப்பநிலை முள் சிவப்பைத் தொடுகிறதா என்று அடிக்கடி பார்ப்பார். அடுத்த காரை இடிக்க மாட்டார். இடித்தால் நடுவர்கள் கூப்பிட்டு, வேடிக்கையான தண்டனை தருவார்கள். காரின் கூரையில் ஓர் இரும்புப் பொம்மையை வெல்டிங் செய்துகொண்டு ஓட்ட வேண்டியும் வரலாம்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இங்கே மிகப் பெரிய பரிசு, முதலில் வந்த காருக்கு இல்லை. இருப்பதிலேயே மோசமான காரை வைத்துக்கொண்டு, யாரும் எதிர்பாராத அளவுக்கு ஓடிக் காட்டிய குழுவுக்குத்தான்!

என்ன குட்டீஸ், அடுத்த முறை தெருவோரம் துருப்பிடித்து நிற்கும் காரைப் பார்த்தால், இதற்குள் இன்னும் எத்தனை சுற்று மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா பைக்கை எடுக்கும்போது, 'புது ஹெல்மெட் எதற்கு? பழசே போதும்' என்று சொன்னால், 500 டாலர் ரேஸின் விதியை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்!