சேற்றில் தாவும் மீன்

லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் நீர் வற்றும் வேளை, சேற்றின்மீது தத்தித் தாவும் சிறு மீனை மாணவச் செல்வங்கள் கண்டிருக்கலாம். மலாய் மொழியில் அதனைப் 'பெலாச்சாக்' என்பர். அதைப் பிடித்து, புட்டி நிறைய நீர் ஊற்றி மூடி வீட்டுக்குக் கொண்டுவருவோர் உளர். மறுநாள் அது மடிந்து கிடக்கும்.

மீனுக்கு நீரில் மூச்சுத் திணறுமா? இதற்குத் திணறும். ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றைச் சுவாசிக்கும் மீன் இது. மேலே வர வழியின்றி மூழ்கிக் கிடந்தால் பிழைக்காது.

ஆதலின் தொட்டியில் நான்கு விரற்கடை நீரே போதும். கடல்நீரையும், குளோரின் நீங்க ஒருநாள் திறந்துவைத்த குழாய்நீரையும் சம அளவில் கலந்து ஊற்றி, ஒருபுறம் மணலை மேடாக்குதல் வேண்டும். காற்றுப் புகும் மூடியும் தேவை. கண்ணாடியில்கூட ஏறிவிடும், பொல்லாத மீன்!

முட்டைகளோ சேற்றுக்குள் ஆழ்ந்த வளையில் இருக்கும். அங்கே காற்றுக் குறைவு. தந்தை மீன் வாய் நிறையக் காற்றை எடுத்துச் சென்று, வளையினுள் விட்டுவிட்டு மீண்டும் மேலே வரும்.