துளித் தேடல் – 9: கல்லில் சுரந்த நீர்

சென்ற வாரம் சிலி நாட்டு மலைமேல் வலை கட்டி மூடுபனியைப் பிடித்தவர்களைப் பார்த்தோம். ஒருவகையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மூடுபனியில் இருப்பது ஏற்கெனவே துளியாகிவிட்ட தண்ணீர், வழிமறித்தால் போதும். இந்த வாரத் தண்ணீர் இன்னும் துளியாகாதது. கண்ணுக்குத் தெரியாது, வலையிலும் சிக்காது.

1900-ஆம் ஆண்டு. கிரிமியாவில் ஃபியோதோசியா நகரையொட்டிய மலைகளில் மரம் நடுவதற்காக நிலத்தைச் சீர்செய்துகொண்டிருந்தார் வன அதிகாரி ஸிபோல்ட். உச்சிகளில் பெரிய பெரிய கற்குவியல்கள் தென்பட்டன. சுடுமண் குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டார். பழைய கிரேக்கர்கள் இந்தக் கற்களில் காற்றின் ஈரத்தைப் படியவைத்து, குழாய் வழியே ஊருக்குள் இறக்கியிருக்க வேண்டும்!

மனிதர் யோசனையோடு நிற்கவில்லை. தெபே-ஓபா மலைமேல் 20 மீட்டர் விட்டத்தில் கிண்ணம்போல் ஒரு தளம் அமைத்தார். கடற்கரைக் கற்களை மேலே ஏற்றி 6 மீட்டர் உயரத்துக்குக் குவித்தார். 1912-இல் கல் சுரந்தது. அதிகபட்சம் நாளொன்றுக்கு 360 லிட்டர் என்பது பிற்காலக் கணிப்பு. 1915-இல் அடித்தளம் கசிய ஆரம்பிக்க, எல்லாம் நின்றுபோனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பார்த்த அந்தப் பழைய குவியல்கள் நீர்நிலையங்களே அல்ல, கல்லறைகள். குழாய்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கல்லறையைப் பார்த்துக் கிணறு கட்டி, அதில் தண்ணீரும் எடுத்த ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறகு பெல்ஜியத்துக்காரரான கனாபன், தெற்கு பிரான்சின் த்ரான்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்னும் ஊரில் 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு 'காற்றுக் கிணறு' எழுப்பினார். சுவர் மட்டுமே சுமார் 3 மீட்டர் கனம். கிடைத்தது? நல்ல ராத்திரியில் ஒரு வாளி. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஏன் இப்படி? மோர் ஊற்றிய சில்லென்ற சொம்பு வெளியே வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம்: நமக்குப் பழகிய சென்னைப் புழுக்கம். அந்தக் காற்று 26 டிகிரியைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீர் படியும். பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரத்துக்கு நிறைந்திருக்கும் அந்தக் காற்றில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் மிதக்கிறது.

ஆனால் ஆவி துளியாகும்போது தன்னிடமுள்ள சூட்டைக் கக்கிவிட்டுத்தான் துளியாகும். ஒரு லிட்டர் படிந்தால் வெளிப்படும் சூடு, ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அந்தச் சூட்டை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் சொம்பு சூடாகும், வேர்ப்பது நிற்கும். இந்தத் துறையின் மொத்தக் கதையும் இந்தச் சூட்டை எங்கே கொட்டுவது என்பதுதான்.

ராத்திரி வானம் அதை இலவசமாக வாங்கிக்கொள்ளும். தெளிந்த இரவில் புல்லும் கூரைத்தகடும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன, பனி படிகிறது. குவியலின் உள்ளே கிடக்கும் கல் வானத்தைப் பார்ப்பதே இல்லை. பகலில் குடித்த வெயிலையும் அது லேசில் விடாது. ஆகவே கனம் கூடாது. மெல்லிசாக, சரிவாக, வானம் பார்த்து இருக்க வேண்டும். ஸிபோல்டும் கனாபனும் சறுக்கிய இடம் இதுதான். குஜராத்தின் வறண்ட கட்ச் பகுதியில், கோத்தாராவில், பேராசிரியர் கிரிஜா சரண் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு மெல்லிய தாள்களைச் சாய்த்து விரித்துப் பனிநீர் சேகரித்தார். அப்படியும் எவ்வளவு நல்ல இரவானாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தேறாது. வானம் வாங்கிக்கொள்ளும் சூட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு.

வரம்பைத் தாண்ட மின்சாரம் வேண்டும். இன்று கடைகளில் 'காற்றிலிருந்து குடிநீர்' என்று விற்கும் எந்திரங்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது நம் வீட்டு ஏசிதான். ஏசியின் குழாயிலிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டி வாளியை நிரப்பும் தண்ணீரையே வடிகட்டி, கிருமி நீக்கி, உப்புச் சேர்த்துத் தருகிறார்கள். நல்ல புழுக்கத்தில்கூட ஒரு லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் அரை யூனிட் வரை ஆகிவிடுகிறது. நவீன கடல்நீர் ஆலை 3, 4 யூனிட்டில் ஆயிரம் லிட்டரைத் தந்துவிடும். குழாயும் லாரியும் எட்டாத இடத்தில், வெள்ளம் சூழ்ந்த மருத்துவமனையில் இந்த எந்திரத்துக்கு வேலை இருக்கிறது. ஊருக்கே இதைக்கொண்டு தண்ணீர் தருவேன் என்பவரிடம், கரண்ட் பில்லை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு, தண்ணீர் அதிகம் தேவைப்படும் பாலைவனத்தில்தான் இது படுத்துவிடுகிறது. ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், துளி படியவைக்கக் காற்றை உறைநிலையை நெருங்கும்வரை குளிரவைக்க வேண்டியிருக்கும். அங்கே குளிரவைப்பதை விட்டுவிட்டு உறிஞ்சவைக்கலாம் என்று கிளம்பினார் ஒருவர். ஜோர்டானில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் வீட்டில் வளர்ந்தவர். 2025-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஓமர் யாகி. அவருடைய துளைப்பொடியைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)