மருந்துச் செலவும் மனித உரிமையும்



பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், தம் உடைமையெல்லாம் மருத்துவத்துக்குச் செலவழித்தும் குணமடையவில்லை (மாற்கு 5:25-26). நோயோடு வறுமையும் அவரை வாட்டியது.

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது நம் ஜிப்மர். 2008-இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டபோது தரம் உயரும் என்றது மத்திய அரசு; ஏழைகளின் இலவச சிகிச்சை நிலைக்குமா என எதிர்த்தோர் அஞ்சினர். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான். தினமும் விழுங்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்கு அல்ல.

மருத்துவக் கவனிப்பு மனித உரிமை என்று 1963-லேயே கற்பித்தார் திருத்தந்தை 23-ஆம் யோவான். அப்படியெனில் அது சலுகையன்று, நீதி.

அப்பெண்ணை இயேசு 'மகளே' என்றழைத்தார். மருந்துச் சீட்டுடன் தயங்கி நிற்பவரை நாம் எப்படி அழைக்கிறோம்?